மெர்க்குரி விளக்குக்கு வந்த பூச்சி

செஞ்சி
14-7-2024

மருமகள் பிரவீணாவுக்கு மாமா அரங்கநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை நீலாவதியும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். தாய்மாமன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவளுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அனந்தபுரத்தில் நீ ஸ்கூல் படிக்கும்போது எலுமிச்சை இலையில் இருந்த புழுவை டப்பாவில் வைத்து வளர்த்தாய். உன் நைனா டப்பாவோடு தூக்கி வாய்க்காலில் போட்டார். "மச்சான், இவ பூச்சியாலதான் பேர் வாங்கப் போறா, பாத்துக்குங்க" என்று அன்றைக்கே சொன்னவன் நான். செஞ்சி மலையில் உலகத்தில் எவனும் பார்க்காத பூச்சி கிடைக்கும் என்றும் சொன்னேன். அதை நான்தான் பிடிப்பேன் என்றும் சொன்னேன். பேர் வந்ததும் இவள் மாமனைக் கழட்டிவிடுவாள் என்றும் சொன்னேன். அத்தனையும் நடந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் உன் அம்மா ராஜாம்பாளைக் கேள். அவள் இல்லை என்பாள். என் தங்கச்சிக்குச் சின்ன வயசிலிருந்தே ஞாபகம் குறைவு.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைத் தேருக்கு மலையடிவாரத்தில் லைட் கட்டியது யார்? என் கடை, நீலா மைக் செட். எல்லாரும் எல்.இ.டி. போடுகிற காலத்தில் பழைய மெர்க்குரி விளக்கை வைத்திருப்பது யார்? நான். அந்த விளக்கில் வந்து உட்கார்ந்த பூச்சியைப் பிடித்து, பல்பு அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, பெங்களூருக்கு, உன் ஆய்வு நிலையத்துக்குப் பார்சல் அனுப்பியதும் நான். நீ என்ன செய்தாய்? போனில், "மாமா, இது இதுவரைக்கும் யாருமே எழுதாத பூச்சி போல இருக்குது" என்றாய். அவ்வளவுதான் உன் பங்கு.

அந்தச் சந்தோஷத்தில் படத்தை எனக்குத் தெரிந்த குரூப்பில் எல்லாம் போட்டேன். ஒரு நிருபர் தேடி வந்தார். அவருக்கும் கொஞ்சம் சொன்னேன். ராஜா காலத்தில் அந்தப்புரத்தில் வளர்த்த பட்டாம்பூச்சி, ராணி கொண்டையில் பூவுக்குப் பதிலாக உட்காரும் என்று சேர்த்தது உண்மைதான். வெறும் பூச்சி என்றால் எவன் படிப்பான்? அதற்கு மாமனைத் திட்டி, போனையும் அடைத்துவிட்டாய். டீக்கடையில் வெற்றிவேல் கேட்கிறான், "இன்னா அண்ணே, பூச்சிக்கு ஒன் பேர வெச்சாங்களா, இல்ல ஒனக்குப் பூச்சி பேர வெச்சாங்களா?" சுற்றி நின்றவன் எல்லாம் சிரிக்கிறான்.

ஆகவே பூச்சிக்கு என் பேரை வைத்துவிடு. பிடித்தவன் பேரை வைப்பதுதான் முறை. எப்போது என்று மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா,
அரங்கநாதன்


பெங்களூரு
26-7-2024

மாமாவுக்கு,

நான் நலம். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக மறுநாள் பஜார் முழுக்கச் சொல்கிறீர்கள். இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பியது பட்டாம்பூச்சி இல்லை. அந்துப்பூச்சி. பகலிலும் பறக்கிற, நிறமுள்ள அந்துப்பூச்சிகள் உண்டு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு மெல்லிய குச்சியாக நீண்டு நுனியில் குமிழாக முடியும். இதன் வலது கொம்பு சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கிறது. பின்சிறகிலிருந்து ஒரு முள் கிளம்பி முன்சிறகைக் கொக்கி போட்டுப் பிடித்திருக்கிறது. இரண்டுமே அந்துப்பூச்சியின் அடையாளம்.

இடது கொம்பைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதன் நுனியில் குமிழ் இருந்தது. உருப்பெருக்கியில் இரண்டு முறை பார்த்தேன். ஒரு பக்கம் அந்து, ஒரு பக்கம் பட்டாம்பூச்சி, இப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று ஓடிப்போய் என் பேராசிரியர் ரஞ்சனி மேடத்தை அழைத்து வந்தேன். அவர் ஊசிமுனையால் தொட்டார். கொம்பு கழன்று விழுந்தது. அடியில் பசை. கறிவேப்பிலைச் செடியில் முட்டை போடுமே, அந்தச் சாதாரணப் பட்டாம்பூச்சியின் கொம்பை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.

"யார் அனுப்பினது?" என்றார் மேடம்.

"என் தாய்மாமா."

"அப்ப மத்ததையும் ஒரு தடவை பாத்துக்கோம்மா."

எல்லார் முன்னாலும் சொன்னார்.

இந்தப் பூச்சியைப் பற்றி நாங்கள் எழுதும் கட்டுரை அச்சில் வருமுன் படமோ செய்தியோ வெளியே போகக் கூடாது. வேறு யாராவது முந்திக்கொண்டு எழுதினால் என் வேலை முடிந்தது. குரூப்பில் போட்டதை நீக்குங்கள். பிடித்த இடம் எது என்று தெளிவாக எழுதுங்கள். ராணி, கொண்டை எதுவும் வேண்டாம்.

பிரவீணா


செஞ்சி
4-8-2024

மருமகளுக்கு,

சர்க்கரை நூற்றுப் பத்து. டாக்டரே கை கொடுத்தார். ராஜாம்பாளிடம் சொல்.

அந்துப்பூச்சியா? ரேஷன் அரிசியில் நெளிகிறதே, அதுவா? பச்சையும் நீலமுமாக மயில் கழுத்து மாதிரி மின்னியதை நீ அந்துப்பூச்சி என்கிறாய். எவ்வளவு படித்தாலும் கண் வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். பரீட்சை மட்டும்தான் எழுதவில்லை.

கொம்பு விஷயத்தில் அந்த மேடம் கேவலமாகப் பேசியதாக எழுதியிருக்கிறாய். பெட்டியில் வைக்கும்போது இடது கொம்பு என் கை பட்டு ஒடிந்துவிட்டது. ஒற்றைக் கொம்போடு அனுப்பினால் "சரியா பிடிக்கத் தெரியல" என்று நீயே சொல்வாய். சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் என்ன செய்வோம்? வேறு பல்பைப் போடுவோம். அதேதான். அது ரிப்பேர். முப்பது வருஷமாக ரிப்பேர் செய்து சாப்பிடுகிறவனைத் திருடன் மாதிரி எழுதுகிறாய். ஒட்டினது இரண்டரை மாதம் விழவில்லை பார்த்தாயா, அதைப் பாராட்ட உனக்கு மனசு வரவில்லை.

பிடித்த இடம் கேட்டாய். விடிகிற நேரம். ராஜகிரி உச்சியில் ஒரு மின்னல். மழை இல்லை, வெறும் மின்னல். மயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. மேலே அம்மன் கோயில் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி வந்தது. பார்த்தால் பூச்சி. என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விளக்கில் உட்கார்ந்தது. இதற்கு மேல் தெளிவாக யாராலும் எழுத முடியாது.

என் பேர் என்ன ஆயிற்று?

மாமா


பெங்களூரு
19-8-2024

மாமாவுக்கு,

சர்க்கரை நூற்றுப் பத்து இல்லை, இருநூற்றுப் பத்து என்று அத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாத்திரையைப் போடுங்கள்.

கடைசியாக ஒருமுறை விளக்குகிறேன். அந்துப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் எதிரெதிரான இரண்டு கூட்டம் கிடையாது. சிறகில் செதில் உள்ள பூச்சிகளின் வரிசை பெரிது. அது கிட்டத்தட்ட முழுக்க அந்துப்பூச்சிகளுடையது. அதில் ஒரு கிளை பகலில் பறக்க வந்தது. அந்தக் கிளையைத்தான் நாம் பட்டாம்பூச்சி என்கிறோம். பத்து இனத்தை எடுத்தால் ஒன்றுதான் பட்டாம்பூச்சி, மீதி ஒன்பதும் அந்து. ரேஷன் அரிசியில் நெளிவதும் அதில் ஒன்று, பட்டு நூல் கொடுப்பதும் அதில் ஒன்று. அத்தையின் கல்யாணப் புடவை அந்துப்பூச்சிக் கூட்டிலிருந்து வந்ததுதான். நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வயிற்றின் நுனியைத் தனியே எடுத்துக் கரைத்து, உள்ளே இருக்கும் உறுப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் இது புதிய இனம் என்று முடிவுக்கு வந்தோம்.

இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படியுங்கள். இதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் வயநாட்டுப் பக்கம் ஈரக்காட்டில் இருப்பவை. செஞ்சியின் காய்ந்த பாறை மலையில் இந்தக் கூட்டத்தில் ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையின் பெருமையே அதுதான். ஆபத்தும் அதுதான். எங்கள் துறையில் எவரும் முதலில் சந்தேகப்படுவது இடத்தைத்தான்: இது நிஜமாகவே செஞ்சியில் பிடித்ததா, எங்கிருந்தாவது வந்ததா என்று. கையில் இருப்பது ஒரே ஒரு பூச்சி. சாட்சி நீங்கள் ஒருவர். என் தற்காலிக வேலை மார்ச்சில் முடிகிறது. நிரந்தர வேலைக்கு டிசம்பரில் ஆள் எடுக்கிறார்கள், இந்தக் கட்டுரை இருந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் மின்னலையும் மயிலையும் விட்டுவிட்டு, இடத்தை ஒரே வரியில் எழுதுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு வரி.

பேர் முடிவாகிவிட்டது. செஞ்சியென்சிஸ். ‘செஞ்சியைச் சேர்ந்தது' என்று லத்தீனில் பொருள். உங்கள் பேரை வைத்தால் இலக்கணப்படி அரங்கநாதனி என்று வரும். அதற்காக மட்டும் மறுக்கவில்லை. கொம்பை ஒட்டியவர் பேரை வைக்க மேடம் சம்மதிக்கமாட்டார். நானும் சம்மதிக்கமாட்டேன்.

பிரவீணா


செஞ்சி
30-8-2024

பிரவீணாவுக்கு,

நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

இடம்: ராஜகிரி அடிவாரம், படி தொடங்குகிற இடத்தில் இடது பக்கத்து வேப்பமரம், அதில் கட்டிய மெர்க்குரி விளக்கு. தேருக்கு மறுநாள் விடியற்காலை. விளக்கை அணைக்கப் போனபோது பிடித்தேன். ஒரு வரி கேட்டாய், மூன்று வரி கொடுத்திருக்கிறேன். மாமன் கஞ்சன் இல்லை.

அரங்கநாதனி பொம்பளைப் பேர் மாதிரி இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்ல இருந்தேன். அதற்குள் என் மூஞ்சியில் கதவைச் சாத்திவிட்டாய். செஞ்சி என்ன செய்தது அந்தப் பூச்சிக்கு? செஞ்சியா விடியற்காலையில் எழுந்து போனது? செஞ்சியா துண்டால் பிடித்தது? ஊருக்கு ஏற்கெனவே கோட்டை இருக்கிறது, மலை இருக்கிறது, தாலுக்கா ஆபீஸ் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது, பிள்ளையா குட்டியா?

உன் அத்தையிடம் புடவை விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு நாளாகச் சோறு மட்டும் போடுகிறாள், பேசுவதில்லை. என் வீட்டிலும் உன்னால் நிம்மதி போச்சு.

நீ காலேஜ் சேரும்போது உன் நைனாவிடம் சண்டை போட்டு சம்மதம் வாங்கிக் கொடுத்தவன் நான். (உன் அம்மா வேறு மாதிரி சொல்வாள்.) அந்த மாமனைக் ‘கொம்பை ஒட்டியவர்' என்று எழுதியிருக்கிறாய். கடைசியாகச் சொல்கிறேன், பேரை மாற்று. மாற்றாவிட்டால் பின்னால் வருத்தப்படாதே.

அரங்கநாதன்


பெங்களூரு
10-9-2024

மாமாவுக்கு,

இடத்தைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி. மேடத்திடம் காட்டினேன். "கடைசில ஒரு மனுஷன் மாதிரி எழுதியிருக்கார்" என்றார். கட்டுரையை அனுப்பிவிட்டோம். பேர் மாறாது. நாம் இனிமேல் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பிரவீணா


செஞ்சி
2-10-2024

பெங்களூரு ஆய்வு நிலையத்தில் இருக்கும் பேராசிரியர் ரஞ்சனி அம்மா அவர்களுக்கு, செஞ்சி நீலா மைக் செட் அரங்கநாதன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்களிடம் வேலை செய்யும் பிரவீணா என் தங்கையின் மகள். நான் அனுப்பிய பூச்சிக்கு செஞ்சிப் பேரை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனசாட்சி உறுத்துவதால் எழுதுகிறேன்.

அந்தப் பூச்சி செஞ்சியில் பிடித்தது அல்ல. வயநாட்டிலிருந்து இஞ்சி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் பஜாருக்கு வந்தது. மண்டிக்கு முன்னால் நிறுத்தி, டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்து உதறினார். மடிப்பிலிருந்து பூச்சி விழுந்தது. உயிர் இருந்தது, பறக்கத் தெம்பு இல்லை. என் கடை எதிரே என்பதால் துண்டைப் போட்டுப் பிடித்தேன். டிரைவர் மலையாளி. "எங்க ஊர்ல இது நெறைய உண்டு சேட்டா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மருமகளுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று மலையடிவாரத்தில் பிடித்ததாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் அதிகம் படிக்காதவன். தவறு இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அ. அரங்கநாதன்


பெங்களூரு
21-10-2024

திரு. அரங்கநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. லாரி, மூட்டை, தார்ப்பாய் என்று நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் சீராக இருக்கின்றன. இந்தக் கூட்டத்துப் பூச்சிகள் வயநாட்டைச் சேர்ந்தவை என்பதோடும் பொருந்துகின்றன. இதற்கு முன் நீங்கள் எழுதிய எதையும்விட நம்பும்படி இருக்கின்றன. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். 

‘தெரியாது என்றுதான் நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றி பிரவீணாவை விசாரிக்க வேண்டியிருந்தது. அது உங்கள் நோக்கமாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

ரஞ்சனி


செஞ்சி
3-11-2024

மருமகள் பிரவீணாவுக்கு மாமா ஆசீர்வாதம். தீபாவளி நல்லபடியாகப் போனதா? இங்கே நல்ல மழை. உன் அத்தை அதிரசம் சுட்டாள். நீ கேட்டால் அனுப்பலாம் என்று எடுத்து வைத்தோம். கேட்கவில்லை. நானே சாப்பிட்டுவிட்டேன், சர்க்கரை ஏறவே இல்லை.

இந்த வருஷம் அனந்தபுரம், சீயமங்கலம் என்று எல்லாப் பக்கமும் எனக்குத்தான் ஆர்டர். சீயமங்கலத்தில் குகைக்கோயிலுக்கு நான் போட்ட லைட்டைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த லைட்ட யார் கட்டினது?" என்று தமிழில் கேட்டார்.

ராஜாம்பாள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "ஒனக்கு இன்னாடா வேணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அண்ணனை ‘டா' போடுகிறாள். ஏன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் கட்டுரை என்ன ஆயிற்று? சும்மா கேட்டேன்.

மாமா


பெங்களூரு
12-1-2025

மாமாவுக்கு,

அம்மா நலம். நைனா நலம். நான் பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை.

கட்டுரை என்ன ஆயிற்று என்று சும்மா கேட்டிருந்தீர்கள். நீங்கள் மேடத்துக்கு எழுதிய கடிதம் வந்த அன்றே அவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிசம்பரில் வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். மார்ச்சோடு நான் இங்கிருந்து போகிறேன். எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை. அதனால் நீங்கள் கேட்பதற்கு நிதானமாகப் பதில் எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

உங்கள் பேரை வைக்கவில்லை என்று இவ்வளவும் செய்தீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்து முன்னால் எழுதவில்லை.

பூச்சியைக் குத்தி வைக்கும் ஊசியிலேயே, பூச்சிக்குக் கீழே, நகத்தளவு ஒரு சீட்டும் குத்துவோம். பிடித்த ஊர், பிடித்த நாள், பிடித்தவர் பேர். பூச்சியின் பேர் நிலையில்லாதது. நாளைக்கு வேறொருவர் வந்து இதை வேறு பேரினத்தில் சேர்க்கலாம். ஏற்கெனவே அறிந்த பூச்சிதான் என்று சொல்லிப் பேரையே அடித்துவிடலாம். எத்தனையோ பேர்கள் அப்படிப் போயிருக்கின்றன. ஆனால் சீட்டை யாரும் தொடமாட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பூச்சிகள் எங்களிடம் இருக்கின்றன. பேர் நாலு தடவை மாறியிருக்கும், பிடித்தவர் பேர் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் பார்சல் வந்த அன்றே, மே மாதத்திலேயே, நீங்கள் போனில் சொன்னபடி அதை எழுதிக் குத்திவிட்டேன். ‘செஞ்சி, ராஜகிரி அடிவாரம். பிடித்தவர்: அ. அரங்கநாதன்.' அதில் என் பேர் கிடையாது. மேடம் பேர் கிடையாது. நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

பழைய சீட்டை எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. தவறு என்றால் அதற்குக் கீழே இன்னொன்றைக் குத்த வேண்டும். டிசம்பரில் மேடம் சொல்ல, என் கையால் எழுதினேன். சிவப்புச் சீட்டு. ‘மேலே உள்ள இடம் பொய். பிடித்தவரே ஒப்புக்கொண்டது.'

உங்கள் ஆசைப்படி உங்கள் பேர் நிலைத்துவிட்டது. நாங்கள் எல்லாரும் செத்த பிறகும் யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து இரண்டு சீட்டையும் படிப்பார்கள்.

வீட்டில் எல்லாரும், "அவன் பேச்ச நம்பாத" என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். நீங்கள் ஆகஸ்டில் எழுதிய அந்த மூன்று வரியை மட்டும் நான் நம்பினேன்.

பதில் எழுத வேண்டாம்.

பிரவீணா


செஞ்சி
9-2-2025

பிரவீணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ சொன்னதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தைதான் வாசித்தாள். என் கண்ணாடி உடைந்திருந்தது. சிவப்புச் சீட்டு வரைக்கும் வாசித்துவிட்டு, என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் அடுப்படியிலிருந்து, "அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல வாங்கிக் கட்டிக்கினியே, இப்ப திருப்தியா?" என்று கேட்டாள். இதை நான் சேர்த்து எழுதவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

பிடித்தவன் பேர் சீட்டில் ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, "மாமா, ஒங்க பேரு ஏற்கெனவே இருக்குது" என்று. நீ சொல்லவில்லை. அதில் உன் தப்பும் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பொங்கல் கழிந்ததிலிருந்து வேப்பமரத்தில் விளக்கைக் கட்டி, வெள்ளை வேட்டி விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டை வாட்ச்மேனிடம் அனுமதி வாங்கித்தான். பழுப்பு, சாம்பல், பொடிப்பொடியாக எது எதுவோ வருகிறது. எல்லாம் நீ சொன்ன அந்த ஒன்பது பங்கு போலிருக்கிறது. அது வரவில்லை. அது சித்திரையில் வருகிற பூச்சி. வந்தாலும் நான் பிடித்தால் ஆகாது என்று எனக்கே தெரிகிறது. என் கை பட்டதை உங்கள் ஆபீசில் எவரும் வாங்கமாட்டார்கள்.

ஆகவே இப்படிச் செய். சித்திரைத் தேருக்கு நீயே வா. அந்த மேடத்தையும் கூட்டிக்கொண்டு வா. விளக்கு, ஜெனரேட்டர், வயர் எல்லாம் அத்தையிடம் இருக்கும், அவள் எடுத்துக் கொடுப்பாள். நான் அந்த வாரம் முழுக்க சீயமங்கலத்தில் இருப்பேன், செஞ்சிப் பக்கமே வரமாட்டேன். நீ பிடி. உன் கண்ணால் பார்த்து, உன் கையால் பிடித்து, உன் பேரை எழுதிக் குத்து. அப்புறம் அந்தச் சிவப்புச் சீட்டுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று குத்த இடம் இருக்குமா என்று பார்.

மேடத்துக்குத் தனியாக எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். நம்பமாட்டார். நேற்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன், பூச்சி மலையடிவாரத்தில்தான் பிடித்தது என்று. ஒருத்தனும் நம்பவில்லை. "சும்மா மாத்தி மாத்திப் பேசாத அண்ணே. லாரில வந்துச்சுன்னு நீதான சொன்ன, நானே அந்த லாரியப் பாத்தன்" என்கிறான் வெற்றிவேல். பார்த்தானாம். மண்டிக்காரரும் ஆமாம் என்கிறார். மின்னல், மயில், ராணி என்று நான் எவ்வளவு சொன்னேன், அதையெல்லாம் சிரித்துத் தள்ளிய ஊர் இதை மட்டும் நம்பிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

உன் ஆகஸ்டுக் கடிதத்தில் வயநாடு என்று நீ எழுதியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனையே வந்தது. இஞ்சி மூட்டையை நான் சேர்த்தேன். தார்ப்பாயை நான் சேர்த்தேன். மலையாளி டிரைவர் டீ குடிக்கப் போனதையும் நான்தான் சேர்த்தேன். படி, வேப்பமரம், விளக்கு, விடியற்காலை, அந்த மூன்று வரி மட்டும் நான் சேர்க்காதது.

வயநாட்டிலிருந்து அப்படி ஒரு லாரி வரவே இல்லை.

அரங்கநாதன்